போயாவுக்குப் போயா: வேலையும் வீடும் பிள்ளைகளும் உள்ளவர்கள் மேசை விளையாட்டுக் குழு நடத்துவது எப்படி

என்னுடைய முதல் குழு மூன்று மாதத்தில் நின்றுபோனது. இரண்டாவது ஐந்து மாதம் இழுத்தது. இரண்டையும் கொன்றது ஒரே கேள்விதான்: "எல்லாருக்கும் எந்த நாள் வசதி?" இதை வட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள். முதல் ஆள் சனி என்பார், இரண்டாவது ஆள் சனிக்கிழமை ரியூசன் என்பார், மூன்றாவது ஆள் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அது எந்த நாளுக்குச் சம்மதம் என்று யாருக்கும் தெரியாது, நாலாவது ஆள் மூன்று நாள் கழித்து "சொறி, இப்பதான் பார்த்தேன்" என்று வருவார். அதற்குள் சனியும் முடிந்துவிடும், ஆசையும் முடிந்துவிடும்.

இப்போது நடப்பது மூன்றாவது குழு. மூன்றாவது வருடம் ஓடுகிறது. ஆறு பேர்: வங்கியில் ஒருவர், ஆஸ்பத்திரியில் தாதியாக ஒருவர், ரீச்சர்மார் இரண்டு பேர், சொந்தக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, கந்தோரில் நான். நாலு பேருக்குப் பிள்ளைகள். யாருக்கும் நேரமில்லை, ஆனாலும் நடக்கிறது. காட்டான் மாதிரிப் பலகை விளையாட்டோ, டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மாதிரிக் கதை விளையாட்டோ (ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி விளையாடுவது), இரண்டும் வேண்டாம் 304 காட்ஸ் விளையாட்டே போதும் என்றாலோ, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவையாவது ஒழுங்காக விளையாட நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. நாளைக் கேட்காதீர்கள், சொல்லுங்கள்

ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்னமே நாளை முடிவு செய்யுங்கள். எங்கள் நாள் போயா. பௌர்ணமி தினம் நாடு முழுவதும் விடுமுறை, வங்கி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கந்தோர் இல்லை. வருடத்துக்கு 12 வரும், சில வருடம் 13. எல்லாவற்றையும் விட முக்கியம், அடுத்த வருடத்துப் போயாக்கள் எவை என்று முன்கூட்டியே கலண்டரில் அச்சாகிவிடும். யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கலண்டர் வந்த அன்றைக்கே வருடத்தின் எல்லாத் திகதியையும் ஒரே தகவலாக எழுதிக் குழுவில் மேலே குத்தி வைத்துவிடுங்கள். அதன்பிறகு "இந்த மாதம் எப்ப?" என்று கேட்பவருக்கு நிலாவைப் பார்க்கச் சொல்லலாம்.

ஆனால் எல்லாப் போயாவும் நமக்கு வசதி என்று நினைத்துவிடாதீர்கள். பௌர்ணமி என்றால் எங்கள் கோயில்களிலும் ஏதாவது இருக்கும். தைப்பூசம் அனேகமாகப் போயாவோடு ஒட்டித்தான் வரும். சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கு விரத நாள், குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அன்றைக்கு விளையாட்டு என்று வாயே திறக்காதீர்கள், நான் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா. கொடியேற்றத்திலிருந்து அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள் என்பதால் அதற்குள் ஒரு போயா வந்தே தீரும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டிலும் நிற்பார்கள், ஆறு பேரில் மூன்று பேர் விரதம். அந்த மாதத்தை நாங்கள் தொடக்கத்திலேயே கலண்டரில் வெட்டிவிடுகிறோம். வெசாக்குக்கு அடுத்த நாளும் லீவு என்பதால் அந்த மாதம் இரண்டாம் நாளை எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கழித்தால் வருடத்துக்கு ஒன்பது பத்து நாள் மிஞ்சும். அது போதும்.

தாதிக்கும் கடைக்காரருக்கும் போயா லீவு இல்லை. தாதி தன் வேலைப் பட்டியல் போடுவதற்கு முன்னமே அந்த நாளுக்குச் சொல்லிவைக்க வேண்டும், பட்டியல் வந்தபிறகு ஆளோடு ஆள் மாற்றுவது பெரும் பாடு. அதனால் எங்கள் குழுவில் போயாவுக்கு முந்திய மாதம் 15ஆம் திகதி அவருக்கு ஒரு நினைவூட்டல் போகும். கடை அண்ணைக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் கடையை யாரிடமாவது ஒப்படைக்க முடியும், ஆகவே சந்திப்பு 2 மணிக்கு.

2. ஆறு பேரைச் சேர்த்து நாலு பேருக்குத் திட்டமிடுங்கள்

எல்லாரும் வந்தால்தான் விளையாட்டு என்று வைத்தீர்களோ, கதை முடிந்தது. கலியாண வீடு, அந்தியேட்டி, சாமத்தியச் சடங்கு, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமி கொழும்பால வாறா, இப்படி ஏதாவது ஒன்று ஒவ்வொரு மாதமும் ஒருவரையாவது இழுத்துக்கொண்டு போகும், அது அவர்களுடைய பிழையும் இல்லை. எங்கள் விதி: நாலு பேர் வந்தால் நடக்கும். மூன்று பேர் என்றாலும் நடக்கும், விளையாட்டு மட்டும் மாறும். இரண்டு பேர் என்றால் தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுப் போவோம், அதையும் நடந்ததாகவே கொப்பியில் எழுதுவோம்.

வர முடியாதவர் முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொல்ல வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை நாங்கள் தாமதமாகத்தான் சேர்த்தோம், ஏனென்றால் காரணம் கேட்கப்போக ஒருவர் பொய் சொல்லத் தொடங்கினார், பொய் சொன்னவர் பிறகு வெட்கத்தில் அடுத்த மாதமும் வரவில்லை.

யாரைச் சேர்ப்பது? விளையாட்டு நன்றாகத் தெரிந்தவரை விட, சொன்ன நேரத்துக்கு வருகிறவரைப் பிடியுங்கள். விதியை அரை மணித்தியாலத்தில் சொல்லிக் கொடுக்கலாம். நேரத்துக்கு வருவதை நாற்பது வயதில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. புதியவரை முதல் மூன்று தடவை "விருந்தாளி" என்று மட்டும் கூப்பிடுங்கள், அப்போதுதான் பிடிக்காவிட்டால் முகம் முறியாமல் விலகலாம்.

3. இடம்

மூன்று வழி உண்டு.

சாப்பாட்டுக் கடை வேண்டாம். இரண்டு ரோலுக்கும் ஒரு சோடாவுக்கும் மூன்று மணித்தியாலம் மேசையைப் பிடித்தால் எந்த முதலாளியும் முகம் சுளிப்பார், அது நியாயமும்தான்.

வீட்டு விறாந்தை நல்லது, காற்று வரும், செருப்பை வெளியில் கழற்றிவிட்டு அப்படியே உட்காரலாம். ஆனால் ஒரே வீட்டில் ஒவ்வொரு மாதமும் வைக்காதீர்கள். அந்த வீட்டில் விளையாடாத ஒருவர் இருப்பார், தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுவது அவராகத்தான் இருக்கும், ஆறாவது மாதம் அவருடைய முகத்தில் அது தெரியும். எங்கள் வீட்டில் அது என் கணவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மேசையில் பிஸ்கட்டை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போனார், நான் விளங்கிக்கொண்டேன். இப்போது மூன்று வீடு மாறி மாறி, வந்தவர்களே கோப்பை கழுவ வேண்டும், எழும்ப முதல் விறாந்தையைக் கூட்டிவிட வேண்டும்.

மூன்றாவது வழி சனசமூக நிலையத்தின் ஊர் வாசிகசாலை. சனசமூக நிலையம் இல்லாத ஊர் இங்கே குறைவு, நீளமான மேசை இருக்கும், மின்விசிறி இருக்கும், காலைப் பேப்பர் வாசிக்கிறவர்கள் போனபிறகு பின்னேரத்தில் அனேகமாக வெறுமையாகவே கிடக்கும். வாயால் கேட்டால் "பாப்பம் தங்கச்சி" என்பார்கள், அந்தப் பாப்பம் முடியாது. எழுதிக் கொடுங்கள். தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம், அதன் பிரதி ஒன்று செயலாளருக்கு. அதில் ஐந்து விசயம் இருந்தால் போதும்: வருகிறவர்களின் பெயர், என்ன நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, திறப்பை யார் வாங்கி யார் திருப்பிக் கொடுப்பது, கரண்ட் காசுக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள். கடைசியில் "பணம் வைத்து விளையாடப்பட மாட்டாது" என்று ஒரு வரி கட்டாயம். நிர்வாகக் கூட்டம் மாதம் ஒருமுறைதான் கூடும் என்பதால் பதில் வர ஒரு மாதம் இரண்டு மாதம் எடுக்கும், அதற்கேற்ற மாதிரி முந்திக் கொடுங்கள்.

இந்தப் பணக் கதையைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். எங்கள் விறாந்தையில் ஒருநாள் காட்ஸ் கட்டு, தாயக்கட்டைகள், பக்கத்திலே தேத்தண்ணிக்குச் சேர்த்த ஐந்நூறு ரூபாத் தாள்கள் ஆறு, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. முன்வீட்டு அன்ரி கறிவேப்பிலை கேட்டு வந்தவா கண்டுவிட்டா. பின்னேரத்துக்குள் என் அம்மாவுக்குக் கோண்டாவிலுக்கே செய்தி போய்விட்டது: "உங்கட மகள் சூது விளையாடுறா." அன்றிலிருந்து மேசையில் காசு வருவதே இல்லை. வாசலில் ஒரு பிஸ்கட் ரின், உள்ளே வரும்போதே போட்டுவிட்டு வர வேண்டும்.

4. எந்த விளையாட்டு

பெரிய பெட்டியை முதலில் திறக்காதீர்கள். புதிய குழுக்கள் கூடுதலாகச் செய்கிற பிழை இதுதான், முதல் நாளே நாலு மணித்தியால விளையாட்டை எடுத்து, இரண்டு மணித்தியாலம் விதி வாசித்து, ஒருவர் நித்திரை கொண்டு, மற்றவர் போனைப் பார்த்து, அடுத்த மாதம் மூன்று பேர்.

முதல் இரண்டு மூன்று சந்திப்புக்கு எல்லாருக்கும் தெரிந்ததை வையுங்கள். 304 இருக்க வேறென்ன வேண்டும்? 32 காட்ஸ், நாலு பேர், இரண்டு சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, கூட்டினால் ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கும் 304. இதை அப்பாமாரிடம் பார்த்துப் பழகாதவர்கள் எங்கள் வயதில் குறைவு. துரும்பை மறைத்துவைத்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு ஏற்றுகிற விளையாட்டு என்பதால் சோடியின் முகத்தைப் படிக்கப் பழகுவீர்கள், கதை விளையாட்டுக்குப் போகும்போது அது உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை, வீட்டுக்கு வீடு விதி மாறும். தொடங்க முதல் எந்த வீட்டு விதி என்று முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மானிப்பாய்க்காரருக்கும் பருத்தித்துறைக்காரருக்கும் நடுவில் நீங்கள் நீதவான் ஆக வேண்டிவரும்.

அப்புறம் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற மாதிரி ஒரு பட்டியல் வைத்திருங்கள். காட்டான் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நாலு பேருக்கு, ஐந்தாவது ஆள் வந்தால் விரிவுப் பெட்டி தனியாக வாங்க வேண்டும், இது தெரியாமல் வாங்கி ஒருவரைப் பார்வையாளராக உட்கார வைத்தது நாங்கள்தான். பண்டமிக் இரண்டிலிருந்து நாலு பேர், முக்கால் மணித்தியாலத்தில் முடியும், எல்லாரும் ஒரே பக்கம் நின்று நோயை எதிர்ப்பது, ஆகவே கோபித்துக்கொள்கிறவர்கள் உள்ள குழுவுக்கு இது நல்லது. கார்க்கசோன் இரண்டிலிருந்து ஐந்து.

ஆறு பேரும் வந்த அதிசய நாளுக்குக் கோட்நேம்ஸ்: இரண்டு அணி, ஒருவர் ஒற்றைச் சொல்லில் குறிப்புக் கொடுக்க, அவருடைய அணி தங்கள் சொற்கள் எவை என்று கண்டுபிடிப்பது. இதைத் தமிழில் நாமே செய்துவிடலாம். பிரிஸ்டல் போர்ட் ஒன்றை வாங்கிச் சின்ன அட்டைகளாக வெட்டி, அட்டைக்கு ஒரு சொல் எழுதுங்கள். ஆட்டத்துக்கு 25 அட்டை, ஐந்துக்கு ஐந்தாக அடுக்க வேண்டும்; தொடங்குகிற அணிக்கு 9, மற்ற அணிக்கு 8, யாருக்கும் சேராதது 7, தொட்டால் தோல்வி என்கிற ஒன்று. எது யாருடையது என்று காட்டும் கட்டப்படத்தைக் குறிப்புக் கொடுக்கிற இருவர் மட்டும் பார்க்கலாம், அதைக் கணக்குக் கொப்பித் தாளில் வரைந்துகொள்ளலாம். சொற்களை எடுக்கும்போது இரட்டை அர்த்தம் உள்ளதாகப் பாருங்கள்: ஆறு, மாலை, திங்கள், படி, கால், தை, அடி, நகை. "திங்கள்" என்ற அட்டையை ஒருவர் நிலாவாக நினைத்துக் குறிப்புக் கொடுக்க மற்றவர் கிழமையாக நினைத்துத் தேட, அந்தச் சிரிப்பு இங்கிலிஸ் பெட்டியில் கிடைக்காது. என்னைக் கேட்டால் வாங்கியதை விடச் செய்த விளையாட்டுத்தான் எங்கள் மேசையில் அதிகம் ஓடியிருக்கிறது.

5. கதை விளையாட்டு வேண்டுமென்றால்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. அடிப்படை விதிகளின் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு இலவசமாகவே வெளியிடப்பட்டது, இறக்கி அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் சரி. ஆனால் அது 400 பக்கத்துக்கு மேல். முழுவதையும் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்துவிட்டு பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்காதீர்கள். கதை சொல்கிறவர் மட்டும் முழுதும் போனில் வைத்திருந்தால் போதும், மற்றவர்களுக்கு ஒரு பக்கம்.

அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆறு குணம்: பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம். எதையாவது செய்ய முயன்றால் இருபது முகத் தாயக்கட்டையை உருட்டு, உன் குணத்துக்குரிய எண்ணைக் கூட்டு, இலகுவான காரியம் என்றால் 10, நடுத்தரம் 15, கடினம் 20, அந்த எண்ணைத் தொட்டால் வெற்றி. இதற்கு மேல் முதல் நாள் யாருக்கும் எதுவும் தெரியத் தேவையில்லை. இருபது முகக் கட்டை கிடைக்காவிட்டால் போனில் இலவசச் செயலி இருக்கிறது, அதுவும் வேண்டாமென்றால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ரின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்ததைத் திரும்பவும் உள்ளே போட மறக்கக் கூடாது.

கதை சொல்கிறவருக்குத்தான் சுமை அதிகம், பெரும்பாலான குழுக்கள் அவர் களைத்துப்போவதால்தான் நிற்கின்றன. நான்தான் அந்த ஆள், எனக்கு இரண்டு பிள்ளைகள், தயாரிப்புக்கு மாதம் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். நான் கண்ட வழி, இல்லாத நாட்டுக்கு வரைபடம் வரையாமல் எல்லாருக்கும் தெரிந்த நிலத்தையே எடுப்பது. குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போகிற ஒரு மணித்தியாலக் கடலில் என்னவும் நடக்கலாம், போய் இறங்கினால் காட்டுக்குதிரைகள் நிற்கும். நிலாவரைக் கிணற்றுக்கு அடி இல்லை என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதற்குள் படி இறங்குகிறது என்று சொன்னால் போதும், மிச்சப் பயத்தை அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். மந்திரிமனையில் ஒரு சுரங்கக் கதவு வைத்தேன், அந்த ஒரு கதவு நாலு மாதம் ஓடியது.

இன்னொன்று, ஒவ்வொரு சந்திப்பும் அன்றைக்கே முடிய வேண்டும். வீரர்கள் ஊரிலிருந்து கிளம்பி, காரியத்தை முடித்து, ஊருக்குத் திரும்ப வேண்டும். கிணற்றுக்குள் பாதியில் நிறுத்தினால் அடுத்த மாதம் யாராவது இருவர் வரமாட்டார்கள், கிணற்றுக்குள் நிற்கிறவர்களை என்ன செய்வீர்கள்? ஊரில் முடித்தால் வராதவருடைய பாத்திரம் அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போய்விட்டது என்று ஒரு வரியில் கடந்துவிடலாம்.

6. பெட்டிகளைக் கொண்டுவருவது

இங்கே விளையாட்டுப் பெட்டிகள் வாங்குவது கடினம், கொழும்பில் சில கடைகளில் சிலது கிடைக்கும், விலை கூடுதலாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பதானால் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். சுங்க வரி பெட்டியின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பிய கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்குத்தான் பார்ப்பார்கள். அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி. கூரியர் என்றால் கையாளும் கட்டணமும் வரலாம், எடுக்கப் பிந்தினால் வைத்திருந்ததற்கான காசும் கேட்கலாம். எனக்கு நடந்தது: பெட்டியின் விலையில் முக்கால்வாசிக்கு மேல் இந்தச் செலவுகளுக்கே போனது, அதோடு பெட்டிக்குள் என்ன என்று விளங்கப்படுத்தவே இரண்டு தரம் தொலைபேசியில் கதைக்க வேண்டியிருந்தது. கேட்டால் கொடுக்கத் தயாராக மூன்று கடதாசியை வைத்திருங்கள்: அடையாள அட்டைப் பிரதி, விலைப் பற்றுச்சீட்டு, காசு கட்டியதற்கான அத்தாட்சி. அனுப்புகிறவர் "கிப்ட்" என்று எழுதிவிட்டால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள்.

நல்ல வழி நல்லூருக்கு வருகிற மாமாவின் சூட்கேஸ்தான். இதற்கும் முறை இருக்கிறது. ஆடியில் வருகிறவரிடம் சித்திரையிலேயே கேளுங்கள், கடைசிக் கிழமையில் கேட்டால் சூட்கேஸ் சொக்லட்டாலும் சென்ட் போத்தல்களாலும் நிறைந்திருக்கும். காசை முன்னமே அனுப்பிவிடுங்கள், "வந்தாப்பிறகு தாறன்" என்றால் வாங்க மாட்டார்கள், அதற்குப் பிறகு கேட்கவும் முடியாது. பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற அட்டைகளையும் துண்டுகளையும் சிப் பைகளில் போட்டு உடுப்புக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள், ஒரு பெட்டியில் பாதி காற்றுத்தான். பலகையை மட்டும் சூட்கேஸின் அடியில் மட்டமாக வைக்க வேண்டும்.

7. காசு

தலைக்கு மாதம் 500 ரூபா, ஆறு பேருக்கு 3,000. வராதவரும் கொடுக்க வேண்டும். முதலில் வந்தவர்கள் மட்டும் கொடுப்பது என்று வைத்தோம், அது நியாயம் போலத் தெரிந்தது, ஆனால் நாலு பேர் வந்த மாதங்களில் வடைக்கே காசு போதாமல் போனது. இதில் ஏறக்குறைய பாதி தேத்தண்ணி, வடை, ரோல், கச்சான் என்று போகும், கொஞ்சம் போட்டோக்கொப்பி, மிச்சம் ரின்னில் சேரும், வருடத்துக்கு ஒரு பெட்டி வாங்கலாம். ஆறு பேர் காசு போட்டு வாங்கிய பெட்டி யாருடையது என்று வாங்குகிற அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். எங்கள் முதல் குழு உடைந்தபோது ஒரு பெட்டி ஒருவருடைய அலுமாரியில் போய்ச் சேர்ந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, கேட்கவும் வெட்கம்.

எண்ணெய்ப் பலகாரத்தை மேசைக்கு வெளியில் வையுங்கள். வடை பிடித்த கையால் காட்ஸ் பிடிக்கக் கூடாது. இதைச் சொல்லுவதற்குக் கூச்சப்படாதீர்கள்.

8. ஒரு கோவை, ஒரு கொப்பி

எல்லாக் கடதாசியும் ஒரே கோவையில், ஒரே ஆளிடம். பாத்திரத் தாள்களை (கதை விளையாட்டில் அவரவர் பாத்திரத்தின் பெயரும் எண்களும் எழுதிய தாள்கள்) வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள், போனது திரும்பாது, அல்லது பிள்ளை அதன் பின்பக்கத்தில் யானை கீறிக்கொண்டு வரும். கோவையில் இருக்க வேண்டியவை: பாத்திரத் தாள்கள், ஒரு பக்க விதி, 304க்கு நாங்கள் ஒத்துக்கொண்ட விதி, பெட்டிகளின் பட்டியல், வாசிகசாலைக் கடிதத்தின் பிரதி. கொப்பியில் திகதி, வந்தவர்கள், என்ன விளையாடினோம், கதை எங்கே நின்றது, காசு வரவு செலவு. கதைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள், எழுதினால் அடுத்த மாதம் எழுத அலுப்பு வரும். பாத்திரத் தாளில் பெயரைப் பேனையால், மாறுகிற எண்களைப் பென்சிலால்.

9. அன்றைய நாள்

2 மணிக்குச் சந்திப்பு, 2.15க்குத் தொடக்கம். பிந்தி வருகிறவருக்காக நிறுத்துவதில்லை, அவர் வந்ததும் அடுத்த சுற்றில் சேரலாம். முதல் பதினைந்து நிமிடம் ஊர்க்கதைக்கு, அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், தடுத்தால் விளையாட்டுக்கு நடுவில் வரும். 3.30க்குத் தேத்தண்ணி. 5.15க்கு முடிவு, 5.30க்குக் கூட்டிக் கழுவி வெளியே. இந்தக் கடைசி நேரம் மிக முக்கியம். எங்கள் குழுவில் பெண்கள் மூன்று பேர், இருட்ட முதல் வீட்டில் நிற்க வேண்டும், ஸ்கூட்டரில் சுன்னாகம் வரை போகிற ரீச்சருக்கு வீட்டிலிருந்து போன் வரத் தொடங்கினால் அவர் விளையாட்டில் இல்லை. "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்பதுதான் அடுத்த மாத வரவைக் குறைக்கிற சொல்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை. வீதியில் வெள்ளம் நின்றால் விளையாட்டை விட்டுவிடுங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் போனில். பிள்ளைகளைக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கரம் போர்ட் வையுங்கள், அதற்குக் கீழ் என்றால் அன்றைக்கு விளையாட்டு நடக்காது, முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

10. வெளிநாடு போகிறவர்கள்

குழுவில் ஒருவராவது போவார், இது யாழ்ப்பாணம். எங்களில் ஒரு தம்பி லண்டனுக்கும் ஒரு அக்கா ரொறன்ரோவுக்கும் போனார்கள், அவர்களுடைய இடத்துக்குத்தான் தாதியும் இரண்டாவது ரீச்சரும் வந்தார்கள். போயா அவர்களுக்கு லீவு இல்லை, ஆகவே அவர்களோடு விளையாட வேறு நாள் வேண்டும், நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இங்கே இரவு 7.30. குளிர்காலத்தில் அது லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9. கோடையில் அவர்களுடைய மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே போகும், 3 மணியும் 10 மணியுமாக மாறும். பொறி என்னவென்றால் இரண்டு நாடும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. கனடா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாற்றும், பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறு. திரும்ப வைக்கும்போது பிரித்தானியா ஒக்ரோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளில் சந்திப்பு வைக்காமல் விடுவதுதான் நிம்மதி. நேரத்தை எப்போதும் இலங்கை நேரத்தில் மட்டும் எழுதுங்கள், மாற்றிப் பார்ப்பது போனவர் வேலை.

இணையத்தில் பலகை விளையாட்டு சரிவராது, கதை விளையாட்டுத்தான். படம் வேண்டாம், குரல் போதும், படத்தை நிறுத்தினால் டேட்டாவும் மிச்சம், லைனும் விழாது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

ஆள் போனாலும் அவருடைய பாத்திரத் தாளைக் கிழிக்காதீர்கள், கோவையின் கடைசிப் பையில் போட்டு வையுங்கள். தம்பி போன மார்கழி லீவில் வந்து நின்றான், அந்தப் போயாவுக்கு எங்கள் விறாந்தையிலேயே இருந்தான். தாளை எடுத்துக் கொடுத்தோம். பேனையால் எழுதிய பெயர் அப்படியே இருந்தது, பென்சில் எண்கள் பாதி மங்கிவிட்டன. அவனுடைய பாத்திரத்துக்கு எத்தனை உயிர்ப்புள்ளி மிச்சமிருந்தது என்று அவனுக்கும் ஞாபகமில்லை எனக்கும் ஞாபகமில்லை, கொப்பியைப் புரட்டினோம், அங்கேயும் எழுதவில்லை. கடை அண்ணைதான் சொன்னார், "பிளேனில வந்து களைச்சுப்போய் இருக்கிறான், பாதியெண்டு வை."